பழனிமுத்துவின் தங்கை

பழனிமுத்துவை யாரும் ஒரு வார்த்தை வைததில்லை. அதுதான் அவன் அம்மா அழகம்மாளுக்கு ஆறவே இல்லை. கோபத்தில் யாராவது ஏதாவது சொல்லியிருந்தால், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாவது அழுதிருக்கலாம். அப்படி ஒன்றுமில்லை. வீட்டிலும் ஊரிலும் அவனைப் புகழ்ந்த வாய்கள்தான் இருந்தன.

கொடைக்கானல் மலையில், கூக்காலுக்கு மேற்கே மலை மடிப்புக்குள் ஒதுங்கிக் கிடக்கும் கரட்டூரில், அவனுக்கு முன்னால் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர் எவருமில்லை. ஊர்ப் பள்ளிக்கூடமே எட்டோடு நின்றது. தலைமை ஆசிரியர் இராமலிங்கம் தானே அவனைக் கழுதைப் பாதை வழியாகக் கீழே கூட்டிப்போய், பழனியில் ஒரு ஹைஸ்கூலில் சேர்த்துவிட்டு வந்தார். "இவன் கலெக்டர் ஆபீசுல ஒக்காருவான், பாருங்க" என்று டீக்கடையில் சொன்னார். லீவுக்கு அவன் வரும்போதெல்லாம் ஊரே எட்டிப் பார்த்தது. அழகம்மாளைத் தண்ணிக்குப் போகிற இடத்தில் பெண்கள் "தாசில்தார் ஆத்தா" என்று கூப்பிட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கினாள். வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

ஐம்பத்தொன்பதாம் வருசம் எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த அன்று அவள் புருசன் திருமலைச்சாமி பூண்டு மூட்டைகளோடு பழனி மண்டியில் இருந்தார். பேப்பரில் பாஸானவர்கள் நம்பர் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். "ஒம்ம மகன் பாஸாகாம வேற எவன் ஆகப்போறான்?" என்றார் மண்டிக்காரர். திருமலைச்சாமிக்கு அது போதும். பஞ்சாமிர்தம் வாங்கி வரச் சொல்லி, தராசு பிடிப்பவனிலிருந்து மூட்டை தூக்குகிறவன் வரை எல்லோர் கையிலும் வைத்தார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் பழனிமுத்து, தன் நம்பர் இல்லாத பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவைத் தேடித்தான் வந்திருந்தான். மூட்டை தூக்குகிற ஒருவன் அவனைக் கண்டு கையாட்டினானாம். அவன் திரும்பி நடந்துவிட்டான்.

மலை ஏறி வந்திருக்கிறான். ஊருக்கு மேலே, பாதை ஊருக்குள் இறங்கத் தொடங்கும் மேட்டில், கழுதைக்காரர்கள் இளைப்பாறும் ஊற்றங்கரை வரைக்கும் வந்திருக்கிறான். அங்கிருந்து பார்த்தால் அவர்கள் வீட்டுக் கூரையும் அதிலிருந்து எழும்பும் அடுப்புப் புகையும் தெரியும். அதற்கு மேல் ஒரு எட்டு வைக்கவில்லை. மறுநாள் கழுதைக்காரர்கள்தான் பள்ளத்தில் கிடந்தவனைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள்.

தங்கை அன்னக்கொடிக்கு அப்போது பத்து வயசு. அண்ணனைப் பாயில் சுற்றித் தூக்கி வந்ததை வாசலில் நின்று பார்த்தாள். அழவில்லை. அதற்குப் பிறகுதான் அவளிடம் ஒன்று தெரிய ஆரம்பித்தது. பாடம் கேட்பாள், வீட்டுக்கு வந்தால் ஒப்பிப்பாள். ஆனால் "சிலேட்டை எடுங்க, கணக்குப் போடப் போறேன்" என்று வாத்தியார் சொன்னால் கை நடுங்கும். ஒரு தடவை உட்கார்ந்த இடத்திலேயே பாவாடை நனைந்துபோனது. பையன்கள் சிரித்தார்கள்.

இராமலிங்கம் வாத்தியார் அதன்பிறகு அவளிடம் எதையும் கேட்பதில்லை. ஒரு காலத்தில் குச்சியால் பொளந்து கட்டியவர், பழனிமுத்து போன பிறகு யாரையும் உரக்க அதட்டுவதுகூட இல்லை. அன்னக்கொடியைக் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார வைத்தார். வருசாவருசம் அவள் பரீட்சைத் தாளில் எதுவும் எழுதாமலே அடுத்த வகுப்புக்குத் தூக்கிப் போட்டார். அந்த வரிசையில் அவளைப் போலவே இன்னும் சில பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். தப்பு வரும் என்று வாயைத் திறக்காதவர்கள். அவர் அவர்களைக் கருணையோடுதான் விட்டுவைத்தார். ஆனாலும் கைவிட்டது கைவிட்டதுதான்.

அறுபத்திரண்டில், அன்னக்கொடி எட்டாம் வகுப்புக்கு வந்தபோது, சிவபாக்கியம் டீச்சர் வந்து சேர்ந்தாள். பழனி அடிவாரத்தில் யாத்ரீகர்களுக்குப் பூசைத் தட்டு விற்கும் குடும்பம். முப்பது வயசு இருக்கும். மலைக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் எந்நேரமும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு இருமிக்கொண்டிருப்பாள். வந்த ஆவணியிலேயே ஒரு நாள் சாயங்காலம் அழகம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"ஒங்க மக எட்டாவது படிக்கிறா. பங்குனியில அரசாங்கப் பரீட்சை. மூணு வருசமா ஒரு தாள்லகூட அவ எழுதுனது இல்லைன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அழகம்மாளுக்குத் தெரியாது. பாஸாகிப் பாஸாகித்தான் மகள் மேலே போகிறாள் என்று நினைத்திருந்தாள்.

பூண்டுக் கட்டுகளைப் பரணில் அடுக்கிக்கொண்டிருந்த திருமலைச்சாமி கீழே இறங்கி வந்தார். "டீச்சரம்மா, நாங்க ஒண்ணக் குடுத்துட்டோம். இதுக்கு மேல பள்ளிக்கூடத்துக்குக் குடுக்க எங்ககிட்ட ஒண்ணுமில்ல. நாளைலருந்து அவ வரமாட்டா. காட்டுல சோலி கெடக்கு."

"அவளுக்குப் படிக்க விருப்பமில்லைன்னு அவ சொல்லட்டுங்க. நான் போயிடுறேன்."

"ஏ புள்ள, சொல்லு" என்றார் அவர்.

அன்னக்கொடி அடுப்படியில் நின்று தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லவில்லை. படிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. டீச்சர் இருமிக்கொண்டே இருட்டுவதற்குள் இறங்கிப் போனாள்.

மறுநாள் அழகம்மாள் கடையிலிருந்து கருவாடு வாங்கி வந்தாள். பிரித்துப் போட்ட பேப்பரை அன்னக்கொடி எடுத்து, வாசல் வெளிச்சத்தில் நீவி நீவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வருவதைக் கண்டதும் கசக்கினாள்.

"படிக்கத்தானே செய்யிற, அதுக்கு ஏன் ஒளிக்கிற?"

"படிக்கல."

"பெறகு?"

மகள் கசங்கிய பேப்பரை மறுபடியும் விரித்தாள். பிறகு சின்னக் குரலில் சொன்னாள்: "அண்ணன் நம்பரப் பாக்குறேன். அன்னைக்கு விட்டுப்போயிருக்கும்மா. பெறகு போட்டிருப்பாங்க. பழைய பேப்பர் எதுலயாச்சும் இருக்கும்."

மூன்று வருசமாக வீட்டுக்கு வந்த உப்புப் பொட்டலம், மிளகாய்ப் பொட்டலம் எல்லாவற்றையும் இந்தப் பிள்ளை இப்படித்தான் பிரித்துப் பார்த்திருக்கிறது. அழகம்மாள் மகளைப் பிடித்து இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். பதிமூன்று வயசுப் பெண் மடியில் அடங்கவில்லை. கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நீ ஏன்டி எழுத மாட்டேங்குற? தெரியலையா?"

"தெரியும்."

"தெரிஞ்சா எழுத வேண்டியதுதானே?"

"எழுதுனா பாஸு பெயிலுன்னு போட்டுருவாங்கள்ல." அன்னக்கொடி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "பெயிலாப் போனா நானும் சாகணுமாம்மா?"

சும்மா கேட்கவில்லை. வேறு வழி உண்டா என்று தெரியாமல்தான் கேட்டாள். அந்த வீட்டில் பரீட்சையில் தோற்ற ஆள் ஒருவன்தான். அவன் என்ன செய்தான் என்பதை அவள் பார்த்திருக்கிறாள். தோற்றுவிட்டுச் சோறு தின்ற ஒருவரையும் அவள் பார்த்ததில்லை.

அழகம்மாள் "சாக வேணாம்" என்று சொன்னாள். சொன்னது அவள் காதிலேயே ஏறவில்லை. வாயால் சொல்லி ஆகிற காரியமில்லை என்று பட்டது.

மறுநாள் வெள்ளனே எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, மகள் கூடவே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். திருமலைச்சாமி "எங்க கெளம்பிட்ட?" என்று கேட்டார். "இவ கூட ஒக்காரப் போறேன்" என்றாள். அவர் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

வகுப்பு வாசலில் இராமலிங்கம் வாத்தியார் தடுத்தார். பழனிமுத்து செத்த பிறகு அவர் அவளை நேருக்கு நேர் பார்த்ததே இல்லை. அப்போதும் சுவரைப் பார்த்துத்தான் பேசினார். "வெளியாளு உள்ள ஒக்காரக்கூடாது தாயி. அதிகாரி வந்தா நான் பதில் சொல்லணும்."

"என்னையும் ஒண்ணாப்புல சேத்துக்கங்க வாத்தியாரய்யா. அப்ப வெளியாளு இல்லைல்ல?"

பிள்ளைகள் சிரித்தார்கள். வாத்தியார் நகர்ந்து வழிவிட்டார்.

முதல் சில நாட்கள் அவள் சும்மா மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்னக்கொடிக்கு அவமானம் தாங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவோடு பேசாமல் பத்தடி முன்னால் நடந்தாள். பிறகு ஒரு நாள் சிவபாக்கியம் டீச்சர், என்ன நினைத்தாளோ, "அழகம்மாக்கா, நீங்க வந்து போர்டுல 'அ' எழுதுங்க" என்று கூப்பிட்டாள்.

அழகம்மாள் எழுந்து போனாள். களைக்கொத்துப் பிடித்துக் காய்த்த கைக்குள் சாக்பீஸ் நிற்கவில்லை. ஒடிந்தது. இன்னொன்று கொடுத்தாள் டீச்சர். அவள் கிறுக்கியது எழுத்து மாதிரியே இல்லை; மாட்டுக் கொம்பு மாதிரி இருந்தது. வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"தப்பு" என்றாள் டீச்சர், சாதாரணமாக. "நாளைக்குப் பாப்போம். போய் ஒக்காருங்க."

அழகம்மாளுக்கு முகம் எரிந்தது. பெற்ற மகளுக்கு முன்னால், சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால், இப்படி. அன்று மத்தியானம் ஓடைக்குப் போய் முகம் கழுவுகிற சாக்கில் அழுதுவிட்டு வந்தாள். ஆனால் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சோறாக்கினாள். சாப்பிட்டாள். மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டாள்.

மறுநாளும் தப்பு. அதற்கு மறுநாளும். அவளுக்கு எழுத்து வரவே இல்லை. மூத்த மகன் அத்தனை கெட்டிக்காரனாக இருந்தவன் எங்கிருந்து வந்தான் என்று அவளே வியந்துகொண்டாள். டீச்சர் தினமும் ஒரு தடவை கூப்பிடுவாள், அவள் எழுந்து போவாள், தப்பாக எழுதுவாள், திரும்பி வந்து உட்காருவாள். கொஞ்ச நாளில் பிள்ளைகள் சிரிப்பதை விட்டுவிட்டார்கள். அது மணி அடிப்பது மாதிரி, சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பது மாதிரி, பள்ளிக்கூடத்தில் தினம் நடக்கிற ஒன்றாகிவிட்டது. கடைசி வரிசையில் வாயைத் திறக்காமல் இருந்த செல்லப்பாண்டி என்கிற பையன் ஒரு நாள், "டீச்சர், அந்தம்மாவுக்கு அடுத்து நான் எழுதுறேன்" என்று எழுந்து நின்றான். அவன் எழுதியதும் தப்புதான். டீச்சர் அதே குரலில் "தப்பு, ஒக்காரு" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

அன்னக்கொடி எழுதியது கார்த்திகையில். அழகம்மாள் போர்டில் தன் பெயரை எழுதுகிறேன் என்று ஏதோ கோணல்மாணலாக இழுத்துக்கொண்டிருந்தாள். மகள் சட்டென்று எழுந்து வந்தாள். சாக்பீஸை வாங்கினாள். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. "இப்படிம்மா" என்று எழுதிக் காட்டினாள். அழகம்மாள் என்பதில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது.

"கால் எங்க?" என்றாள் டீச்சர்.

அன்னக்கொடி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். மகள் காலைப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது. அன்று வீட்டுக்குப் போகையில் அவள் முன்னால் நடக்கவில்லை, கூடவே நடந்தாள்.

ஊர் பேசாமலா இருக்கும்? மகன் போனதில் அழகம்மாளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். பூண்டுக் காட்டில் களை மண்டியது. திருமலைச்சாமி ஆள் வைத்து எடுத்தார். ஒரு நாள் குடித்துவிட்டு வந்து அவளுடைய சிலேட்டைத் தூக்கி வாசலில் எறிந்தார். "ஒன்னால என் தலையத் தூக்கிக்கிட்டு நடக்க முடியல" என்றார்.

"தலையத் தூக்கிக்கிட்டு நடந்துதாங்க ஒருத்தனத் தொலைச்சோம்" என்றாள் அவள்.

அவர் கையை ஓங்கினார். அடிக்கவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். பழனிக்கு அவர் மூட்டை கொண்டுபோவதை நிறுத்தி மூன்று வருசமாகியிருந்தது. சரக்கெல்லாம் இப்போது லாரியில் ஒட்டன்சத்திரத்துக்குத்தான் போயிற்று. ஏன் என்று அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

பங்குனியில் பரீட்சைக்குக் கொடைக்கானல் போனார்கள். ஐந்து பிள்ளைகள், டீச்சர், கூட அழகம்மாள். மலைப்பாதையில் பாதி தூரம் நடந்து, அப்புறம் உருளைக்கிழங்கு லாரியில் மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து போய்ச் சேர்ந்தார்கள். பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக்குள் அவளை விடவில்லை. வெளியே கல் சுவரைப் பிடித்துக்கொண்டு பனியில் நின்றாள். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வரும் வரைக்கும் அங்கிருந்து நகரவில்லை. முதல் நாள் அன்னக்கொடி சிரித்துக்கொண்டு வந்தாள். கணக்கன்று சிரிக்கவில்லை.

"பாதிக் கணக்குப் போட்டேன். பெறகு கை நடுங்கிருச்சு. பேனாவ வச்சுட்டு ஒக்காந்திருந்தேன்."

"எந்திருச்சு வரலைல்ல?" என்று கேட்டாள் அழகம்மாள்.

"வரல. மணியடிக்கிற வரைக்கும் இருந்தேன்."

"அது போதும்" என்றாள் டீச்சர். அவளுக்கு அன்று குரலே இல்லை. இருமி இருமித் தொண்டை கட்டியிருந்தது. பரீட்சை முடிந்ததும் வைத்தியத்துக்கென்று பழனிக்குப் போனவள், லீவு முடியும் வரை வரவில்லை.

வைகாசிக் கடைசியில் முடிவு வந்தது. இராமலிங்கம் வாத்தியார் கொடைக்கானல் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சாயங்காலம் ஊர் மந்தையில் பிள்ளைகளும் பெற்றவர்களும் கூடி நின்றார்கள். அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தார். பாஸ், பாஸ், பாஸ், பாஸ். கடைசியாக, "அன்னக்கொடி" என்று சொல்லி எச்சில் விழுங்கினார். "பாஸ்."

யாரோ கை தட்டினார்கள். அன்னக்கொடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். திருமலைச்சாமி கூட்டத்துக்குப் பின்னால் நின்றவர், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். அழகம்மாள் வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகளின் பெற்றோரையெல்லாம் முகம் பார்த்துச் சொன்ன மனுசன், அவள் பக்கம் மட்டும் திரும்பவில்லை. அது பழக்கம்தான். ஆனாலும் இன்றைக்கு அவர் கழுத்தில் நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் வாத்தியார் தங்கியிருந்த அறைக்குப் போனாள். அவர் குளிருக்குப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தூங்கியவர் மாதிரி இல்லை.

"எம்மக பாஸா வாத்தியாரய்யா?"

"அதான் சொன்னனே."

"என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்த்தார். நான்கு வருசத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பார்த்தார். பிறகு அவருக்கு உதடு கோணிக்கொண்டது. "கணக்குல போயிருச்சு தாயி. என்னால சொல்ல முடியல. அந்த வார்த்தைய இன்னொரு தடவ ஒங்க வீட்டுக்கு என் வாயால சொல்ல முடியல. நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவ மேல படிக்கப் போறதில்ல. சர்ட்டிபிகேட் யாரு கேக்கப்போறா? பாஸுன்னே இருந்துட்டுப் போகட்டும். உசுரோட இருந்தாப் போதும்ல?"

அழகம்மாளுக்கும் ஒரு நிமிசம் அப்படித்தான் தோன்றியது. அது எத்தனை சுலபம்! மகள் நேற்று ராத்திரி இரண்டு தட்டுச் சோறு தின்றாள். அப்பாவும் மகளும் பேசிச் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு அவள் வெளியே வந்தாள். மந்தை வரை நடந்தாள். இது என்றைக்காவது ஒரு நாள் தெரியும். எவனாவது கேலியாகச் சொல்வான். அன்றைக்குத் தோற்றது மட்டுமில்லை, தோற்றதை மறைத்து வைக்கிற அளவுக்கு அது கேவலம் என்பதும் சேர்ந்து தெரியும். அப்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்?

காட்டில் அப்பாவும் மகளும் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அழகம்மாள் வரப்பில் நின்று சொன்னாள். நின்ற நிலையில் சொன்னாள். உட்கார்ந்தால் வாய் வராது என்று பயந்தாள்.

"அன்னக்கொடி, நீ கணக்குல பெயிலு. வாத்தியார் பயந்துக்கிட்டு மாத்திச் சொல்லிட்டாரு."

திருமலைச்சாமி களைக்கொத்தோடு எழுந்தார். "அவன…" என்று கிளம்பினார். அழகம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்துக்குள் மகள் காட்டைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தாள். கழுதைப் பாதை. ஊற்றங்கரைக்குப் போகிற பாதை.

"ஏ, புடி அவள!" என்று அலறினார் திருமலைச்சாமி. அப்படியே மண்ணில் மண்டி போட்டுவிட்டார்.

அழகம்மாள் ஓடினாள். மூச்சு வாங்க வாங்க ஏறினாள். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வேகமாகப் போய்விடுவாளோ என்று பயம். மேலே போய்ப் பார்த்தபோது மகள் ஊற்றுக்குப் பக்கத்துப் பாறையில், பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழகம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் உட்கார்ந்தாள். மகன் போன பிறகு அந்த இடத்துக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. பழனிமுத்து கடைசியாக எதைப் பார்த்தான் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. கூரை நன்றாகவே தெரிந்தது. வாசலில் காயும் சேலைகூடத் தெரிந்தது.

மலை மேல் மேகம் இறங்கி, கூரையை மறைத்து, மறுபடியும் விலகியது.

"எத்தன மார்க்கு?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

"தெரியலடி. கேக்கல."

"கேக்காமயா வந்து சொன்ன?"

"பெயிலுன்னதும் எனக்கு வேற ஒண்ணும் கேக்கத் தோணல."

மகளின் முகம் அழுகைக்கும் கோபத்துக்கும் நடுவே இழுத்துக்கொண்டு நின்றது. பிறகு அழுகை வந்தது. சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். அண்ணனுக்கு அழாததையும் சேர்த்து அழுகிறாள் போலிருந்தது. அழகம்மாள் தொடவில்லை. அழுது ஓய்ந்ததும் மகள் அம்மாவின் முந்தானையை இழுத்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "வா, போயிக் கேப்போம்" என்று எழுந்தாள்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் காலியான வகுப்பில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"எத்தன மார்க்கு சார்?" என்றாள் அன்னக்கொடி.

சொன்னார். பாஸுக்குக் கொஞ்சம்தான் குறைச்சல்.

"மறுபடியும் எழுதலாமா?"

"அடுத்த வருசம் எழுதலாம்."

அவள் ஏதோ யோசித்தாள். "எங்கண்ணன் எதுல பெயிலு?"

இராமலிங்கம் வாத்தியார் சுவரைப் பார்க்கத் திரும்பப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பவில்லை. "இங்கிலீசுல. அது ஒண்ணுலதான்."

"அவனும் மறுபடி எழுதியிருக்கலாமா?"

"செப்டம்பர்ல எழுதியிருக்கலாம்மா. பெயிலானவங்களுக்குன்னு அப்ப ஒரு பரீட்சை உண்டு."

"அவனுக்கு அது தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும்" என்றார் வாத்தியார். "ஆனா நாங்க யாரும் அவன்கிட்ட அதப் பத்திப் பேசுனதில்ல. அவனுக்கு எதுக்கு அதுன்னு…"

அழகம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நாலு மாசம். நாலு மாசம் அவன் வீட்டில் சோறு தின்றுகொண்டு, பூண்டு காய வைத்துக்கொண்டு, படித்துக்கொண்டு இருந்திருக்கலாம். அப்படி ஒரு பரீட்சை உண்டு என்பதே இந்த நாலு வருசமாக அவளுக்குத் தெரியாது. அவளுக்கு வந்தது கோபமா துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வாத்தியாரின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அவர் ஏற்கனவே உலுக்கி எடுத்த மாதிரிதான் நின்றார்.

"எனக்குப் பசிக்குதும்மா" என்றாள் அன்னக்கொடி.

வீட்டுக்குப் போனார்கள். திருமலைச்சாமி அடுப்புக்கு முன்னால் சுருண்டு கிடந்தார். மகள் உள்ளே வந்ததும் எழுந்து அவள் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தார், காலைப் பார்த்தார். எங்கேயாவது அடி பட்டிருக்கிறதா என்று தேடுகிறவர் மாதிரி. அவள் சோறு போட்டுக்கொண்டு அவருக்கும் ஒரு தட்டில் போட்டு வைத்தாள். அவர் சாப்பிடவில்லை. அவள் சாப்பிட்டாள்.

சிவபாக்கியம் டீச்சர் ஆனியில் திரும்பி வந்தாள், இன்னும் மெலிந்து. நடந்ததைக் கேட்டுவிட்டு இராமலிங்கம் வாத்தியாரிடம் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அவர் அந்த வருசம் முடியும் வரை இருந்தார். காலையில் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் அன்னக்கொடிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். தப்பாகப் போட்டால் தப்பு என்று சொல்லப் பழகிக்கொண்டார். முதலில் அதைச் சொல்லும்போது அவர் குரல்தான் நடுங்கியது. பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு மதுரைப் பக்கம் போய்விட்டார்.

அன்னக்கொடி அடுத்த பங்குனியில் கணக்கைத் தாண்டினாள். பெரிய மார்க்கெல்லாம் இல்லை. ஆசிரியர் பயிற்சிக்கு எழுதிப் போட்டார்கள். இடம் கிடைக்கவில்லை. அவள் காட்டு வேலைக்கே வந்தாள். ஊருக்கு அதில் ஒரு திருப்தி. இதுக்காகவா அந்தம்மா ஒரு வருசம் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தாள் என்று கேட்டார்கள். உயிரோடு ஒரு பெண், தலையில் கூடையோடு, வெயிலில் முகம் சுளித்துக்கொண்டு எதிரே நடந்து வருகிறாள். கேட்டவர்களுக்கு அது கண்ணில் படவில்லை.

ஆனால் அதெல்லாம் பின்னால். பெயிலான அந்த வருசம் பள்ளிக்கூடம் திறந்த அன்று, அழகம்மாள் வழக்கம்போல மகளோடு வாசல் வரை போனாள். அன்னக்கொடி தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே, பழைய எட்டாம் வகுப்பிலேயே போய் உட்கார வேண்டும். உள்ளே யாரோ "பெயிலு வந்திருச்சு" என்றது வெளியே கேட்டது.

மகள் நின்றாள். பிறகு, "நீ காட்டுக்குப் போம்மா" என்றாள்.

"இருக்கேனே."

"வேணாம். வெரசாப் போ. அப்பா தனியா இருக்காரு."

அழகம்மாள் நடந்தாள். மந்தை தாண்டியதும் கால் நின்றது. திரும்பிப் போய் ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்த்தாள். மகளின் முதுகு தெரிந்தது. முன்வரிசையில் இருந்தாள். அழுகிறாளா என்று முதுகை வைத்துச் சொல்ல முடியவில்லை. அழகம்மாள் கொஞ்ச நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டு, பனி விலகாத பாதையில் காட்டைப் பார்த்து இறங்கினாள். போகிற வழியெல்லாம் பயம் இருந்தது. சாயங்காலம் மகள் வீடு வந்து சேரும் வரைக்கும் அது இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இருந்தது. இருந்தும் அவள் ஒவ்வொரு நாளும் காட்டுக்குப் போனாள்.